அண்ணல் அம்பேத்கரும் முதுமைக் காப்பும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை அறியாத இளைஞர் இன்று நம் தெருக்களில் இலர். மகாத் குளத்து நீருக்காக அவர் நிகழ்த்திய போராட்டமும், அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அவர் ஆற்றிய பணியும் பள்ளிப் பிள்ளைகளும் தடையின்றி ஒப்பிக்கும் செய்திகளாகிவிட்டன. அவற்றையே மீண்டும் எழுதி இவ்வெள்ளிவிழா மலரின் பக்கங்களை நிரப்ப நான் விரும்பவில்லை. அப்பெருமகனாரின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவ்விழை ஓய்வூதியம் என்பது. உழைத்து ஓய்ந்த மனிதன் கையேந்தாமல் உண்பதற்கு என்ன வழி என்னும் கேள்வி அவர் பிறந்த வீட்டிலேயே விடையுடன் இருந்தது. அவ்விடை நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியதாக வேண்டும் என்று பின்னாளில் அவர் முயன்றார்.

1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், மத்திய இந்தியாவில் மோவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் அண்ணல் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால், தாயார் பீமாபாய். பிறந்த பதினான்கு குழந்தைகளுள் இவரே கடைக்குட்டி. தந்தையார் படையில் சுபேதார் மேஜர் பதவி வகித்தவர். இராணுவப் பள்ளியில் பல்லாண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்தவர். தலைமையாசிரியர் என்னும் சொல்லை எழுதும்போது அதே தொழிலில் இருக்கும் எனக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்? குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும் காலத்தில் இராம்ஜி ஓய்வு பெற்றார். மாதம் சுமார் 50 ரூபாய் ஓய்வூதியம் அவருக்குக் கிடைத்தது.

அந்த 50 ரூபாயின் பொருளை உணர வேண்டுமானால், அதே காலத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட மற்ற மகர் குலத்தவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் வதன் என்னும் முறையின்கீழ்க் கிராமத்துக்கு வழிவழியாக ஊழியம் செய்தனர். எந்த நேரத்தில் அதிகாரி அழைப்பினும் ஓட வேண்டும். செத்த மாட்டை அகற்ற வேண்டும். ஓலை கொண்டு போக வேண்டும். கைம்மாறு ஒரு துண்டு நிலமும், களத்தில் கொடுக்கும் தானியமும். உடல் தளர்ந்தால் மகன் அந்த வேலையை ஏற்க வேண்டுமேயன்றி ஓய்வு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. நம் பகுதியில் பண்ணையாட்களாகவும் வெட்டியான்களாகவும் இருந்த நம் முன்னோர்க்கும் இதுவே நிலை. உழைக்க முடியாத கிழவனுக்குக் கஞ்சி ஊற்றுவது பண்ணையாரின் தயவு. தயவுக்குக் கணக்கும் இல்லை, நாளும் இல்லை.

இராம்ஜியின் ஓய்வூதியம் தயவு அன்று. மாதந்தோறும் வந்தது. அதைப் பெறுவதற்கு அவர் தம்மை ஏழை என்றோ ஆதரவற்றவர் என்றோ எவரிடத்தும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. செய்த வேலைக்குப் பின்னால் வரும் கூலியாகவே அது கருதப்பட்டது. அத்தொகை மட்டும் பெரிய குடும்பத்துக்குப் போதவில்லை என்பதும் உண்மையே. முதலில் கொங்கணத்துத் தபோலியிலும் பின்னர்ச் சாத்தாராவிலும் குடும்பம் வாழ்ந்தது. சாத்தாராவில் பீமாபாய் காலமானார். தந்தையார் கோரேகாவ் என்னும் ஊரில் காசாளராக வேலை பார்த்து வருவாயைச் சேர்த்துக்கொண்டார். தந்தையைக் காணச் சென்ற சிறுவர்களை மாட்டு வண்டிக்காரன் தீட்டென்று ஒதுக்கியதும், அவர்கள் வழியெங்கும் தண்ணீரின்றித் தவித்ததும் அந்நாளில் நிகழ்ந்தவையே.

பிறகு குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஒரே ஓர் அறை. அடுப்பும் பாத்திரமும் விறகும் மனிதரும் எல்லாம் அதற்குள்ளே. மகன் முன்னிரவில் உறங்குவார். தந்தை விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் அவ்விடத்தில் படுத்துக்கொள்வார். விளக்கொளியில் மகன் விடியும்வரை படிப்பார். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களிடம் நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார் இராம்ஜி. அடுத்த ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். இளைஞர்களே, இவ்விடத்தைச் சிறிது நின்று கவனியுங்கள். மீட்க முடியும் என்னும் உறுதி இருப்பவனே துணிந்து அடகு வைப்பான். வாரக் கூலிக்காரனுக்கு அந்த உறுதி ஏது? குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தொகை வரும் என்னும் நம்பிக்கையே அவ்வறையில் விளக்கை எரியவைத்தது என்பது என் கருத்து. 1907 இல் பீமாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஒரு முதியவரின் ஓய்வூதியம் அவர் ஒருவரின் வயிற்றோடு நின்றுவிடவில்லை.

இங்கே ஒரு கொடுமையையும் கூறியாக வேண்டும். 1890 களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு, போர்க்குணம் உள்ள இனம், இல்லாத இனம் என்று மக்களைப் பிரித்து, மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. பல தலைமுறைகள் படையில் பணியாற்றிய சமூகத்துக்கு ஒரே ஆணையில் கதவு அடைபட்டது. வேலை போயிற்று, சம்பளம் போயிற்று என்று மட்டுமே இதனைப் பலர் எழுதியுள்ளனர். முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வூதியமும், அதனால் படித்திருக்க வேண்டிய பேரப்பிள்ளைகளும் அந்த ஆணையிலேயே போயினர் என்பதை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. அண்ணல் இதனை மறந்தாரில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக அமர்ந்ததும் அடைபட்ட கதவைத் தட்டினார். 1941 இல் மகர் ரெஜிமெண்டு தோற்றுவிக்கப்பட்டது.

1913 ஆம் ஆண்டு பிப்ரவரி 2 ஆம் நாள் இராம்ஜி மறைந்தார். அதே ஆண்டில் பரோடா மன்னரின் உதவியால் மகன் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், பின்னர் இலண்டனில் பயின்றதும், இடையில் உதவித்தொகைக் காலம் முடிந்து 1917 இல் திரும்ப நேர்ந்ததும், மீண்டும் சென்று பட்டங்களை முடித்ததும் நீங்கள் அறிந்தவையே. ரூபாயின் சிக்கல் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1923 இல் வெளிவந்தது. அந்நூலின் நுட்பங்கள் பொருளியல் பயின்றோர்க்கே விளங்கும். எனினும் அதன் ஒரு கவலை எளியது: நாணயத்தின் மதிப்பு நிலையாக இல்லையேல், நிலையான வருவாய் உள்ளவன் ஏமாற்றப்படுகிறான். தாளில் எண் மாறாது. சந்தையில் அரிசி குறையும். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னால் தேவைப்படும்.

1936 இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1938 நவம்பரில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்திய தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். ஆலைத் தொழிலாளி எவ்வாறு முதுமையடைகிறான் என்பதைப் பரேல் குடியிருப்பில் வளர்ந்த அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கண் மங்கும், இழை அறும், மேற்பார்வையாளர் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். கொங்கணத்து ஊரில் நிலம் இருப்பவன் நிலத்துக்குத் திரும்புவான். நிலமற்றவன் எங்கே திரும்புவது?

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார். என் எண்ணத்தில், அரசியலமைப்புச் சட்டப் பணிக்கு அடுத்தபடியாக இந்நான்கு ஆண்டுகளையே நம் இளைஞர் ஊன்றிப் படித்தல் வேண்டும். அவர் பொறுப்பேற்ற அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை வெளியாயிற்று. நோய், வேலையின்மை, முதுமை ஆகிய மூன்றிலும் குடிமகனை வறுமையில் விழாமல் காப்பது அரசின் கடன் என்னும் கருத்து உலகெங்கும் பேசப்பட்டது. இந்தியாவில் அப்போது அரசு ஊழியர்க்கு ஓய்வூதியம் உண்டு. இரயில்வே போன்றவற்றில் சேமநல நிதி உண்டு. சில பெரிய ஆலைகளில் முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்து நிதி உண்டு. மற்றவர்க்கு எதுவும் இல்லை.

1943 இல் பேராசிரியர் அடார்கரைத் தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றித் திட்டம் வகுக்க அரசு அமர்த்தியது. அவ்வறிக்கை 1944 இல் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சிறு தொகை செலுத்த, நோயுற்ற நாளில் உரிமையோடு உதவி பெறும் முறை அதில் கூறப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி 1944 இல் ஏற்பட்டது. அதற்கு முன் தன்பாத் பகுதிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்று, நிலத்தடியில் இறங்கிப் பார்த்து வந்தவர் அண்ணல். தொழிற்சாலைச் சட்டம் 1946 இல் திருத்தப்பட்டு, வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது.

நம் மேடைகளில் சிலர், தொழிலாளர் சேமநல நிதிச் சட்டத்தையும் அண்ணலே கொண்டுவந்தார் என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். ஆர்வம் பாராட்டத்தக்கதே; ஆனால் உண்மை அன்று. இன்று வருங்கால வைப்பு நிதி என்று நாம் அழைக்கும் அந்நிதி 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் 1952 இல் நிறைவான சட்டமாகவும் வந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948 இல் நிறைவேறியது. அவ்விரு சமயங்களிலும் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன்ராம் ஆவார். பீகாரில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மற்றொருவர். அரசியலில் இருவரும் வேறு வேறு வழியினர். அண்ணல் உழுதார், பாபுஜி விதைத்தார் என்று வேண்டுமானால் கொள்ளலாம். ஒருவருக்கு உரியதை மற்றொருவருக்கு அளிப்பதால் அண்ணலின் பெருமை வளர்ந்துவிடாது. அவருக்கு உரியதே மலையளவு உள்ளது.

அவருக்கு உரியவற்றுள் ஒன்று இதோ. 1947 இல் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பாக, மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் விண்ணப்பத்தை அவர் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்தார். காப்பீட்டுத் தொழில் முழுவதும் அரசின் உடைமையாக வேண்டும். வயது வந்த ஒவ்வொரு குடிமகனும் தன் ஊதியத்துக்கு ஏற்ற அளவில் ஆயுள் காப்பீடு எடுத்தாக வேண்டும். அதனை அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. தனியார் நிறுவனம் திவாலாகலாம், அரசு ஆகாது. ஆதலின் எளியவனின் சேமிப்புக்கு உறுதி கிடைக்கும். திரளும் பெருநிதியால் நாட்டின் தொழில்களும் வளரும். அதே விண்ணப்பத்தில் வேளாண்மையும் அரசின் தொழிலாக வேண்டும், நிலமற்ற கூலி என்று எவரும் இருத்தலாகாது என்றும் கேட்டிருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் உள்ளம் விளங்கும். ஊதியமே நிலையாக இல்லாதவன் காப்பீட்டுக்கு எதைச் செலுத்துவான்? எனவே முதலில் ஊதியத்தை நிலைப்படுத்து, பிறகு அதில் ஒரு பகுதியைச் சேமிக்கச் செய் என்பது அவர் வகுத்த வரிசை.

அந்த வரிசை ஏற்கப்படவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 41 ஆம் உறுப்பில், அரசு தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள், வேலைக்கும் கல்விக்கும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் பொது உதவிக்கும் வகை செய்தல் வேண்டும் என்று எழுதப்பட்டது. இது நெறியுறுத்தும் கோட்பாடு. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறும் உரிமை அன்று. ஆயினும் முதுமை என்னும் சொல் நாட்டின் தலையாய சட்டத்துள் ஏறிவிட்டது. ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, 1956 செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தது. அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, டிசம்பர் 6 ஆம் நாள், நீரிழிவும் நரம்பு நோயும் வருத்த, 65 வயதில் அண்ணல் டெல்லியில் மறைந்தார். அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர். ஓய்வு என்பதை அவர் கண்டதே இல்லை.

தமிழ்நாட்டில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் முதல் நாள் ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை அளிக்கும் திட்டம் தொடங்கியது. ஆதரவற்ற விதவையர்க்கு 1975 இலும், ஆதரவற்ற விவசாயக் கூலிகளுக்கு 1981 இலும் தனித் திட்டங்கள் வந்தன. மைய அரசு 1995 ஆகஸ்டு 15 முதல் 75 ரூபாய் வழங்கத் தொடங்கி, 2006 இல் அதனை 200 ரூபாய் ஆக்கியது. எண்பதுக்கு உட்பட்ட முதியோர்க்கு மையத்தின் அப்பங்கு அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏறவே இல்லை. ரூபாயின் சிக்கல் எழுதியவரை இங்கே நினைவுகூர்க. மாநில அரசு தன் நிதியைச் சேர்த்து 2011 இல் 1,000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியமையால்தான் நம் முதியோர் ஓரளவு மூச்சுவிட்டனர்.

எங்கள் வேப்பந்தட்டை வட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளில் களை பறித்தே முதுகு கூனிய தாய்மாரை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். என் தாயாரும் அவருள் ஒருவராக இருந்தவர். மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் இல்லை. இத்தகையோர்க்கு எது வழி என்பதில் இரு கட்சிகள் உள. இளமையிலேயே சிறுகச் செலுத்தி முதுமையில் பெறுக என்பது ஒன்று. 2015 இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் பதினெட்டு வயதில் சேர்பவர் மாதம் 42 ரூபாய் செலுத்தினால் அறுபதில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். 210 செலுத்தினால் 5,000 பெறலாம். 2019 இல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் திட்டத்தில் பதினெட்டு வயதினர் 55 ரூபாய் செலுத்த, அரசும் அதே அளவு செலுத்தி, அறுபதில் 3,000 ரூபாய் அளிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. எவரும் எதுவும் செலுத்தாமலே, முதியோர் அனைவர்க்கும் அரசு வரிப்பணத்திலிருந்து வழங்குக என்பது மற்றொன்று.

நிலையான சம்பளம் பெறும் இளைஞர்கள் முதல் வழியில் உடனே சேர்தல் நன்று. வெளியூர்க் கம்பெனிகளுக்குச் சென்றவர்கள் வைப்பு நிதிப் பிடித்தம் தம் பெயரில் செலுத்தப்படுகிறதா என்று கேட்டறிதல் அதனினும் நன்று. கேட்காமலே ஐந்தாறு ஆண்டுகளை இழந்த மாணவர்களை நான் அறிவேன். ஆனால் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் செலுத்து என்று களை பறிக்கும் பெண்ணிடம் கூறுவது, வரிசையைத் தலைகீழாக்குவதாகும். அவளுக்கு இரண்டாவது வழியே பொருந்தும். அவளும் நாற்பது ஆண்டுகள் ஊருக்குச் சோறு விளைவித்தவளே. அவளுக்குத் தருவதை மட்டும் ஏன் உதவித்தொகை என்று அழைத்து, ஆதரவற்றவள் என்று மெய்ப்பிக்கச் சொல்ல வேண்டும்? 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்த எனக்குப் பழைய முறையில் ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பின் சேர்ந்த இளம் ஆசிரியர்கள் தம் சம்பளத்தில் பத்து விழுக்காடு செலுத்தும் பங்களிப்பு முறையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பழைய முறையைக் கேட்டுப் போராடியதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும் எங்கள் சங்கக் கூட்டங்களில் களை பறிப்பவளைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

முதியோர் உதவித்தொகை கோருவோர் வயதுக்குச் சான்று காட்ட வேண்டும். பிறந்த நாள் அறியாத முதியோர் பலர். ஆதார் அட்டையில் வயது குறைவாகப் பதிந்துவிட்டமையால் அறுபத்தைந்து வயதிலும் அலைபவர் உளர். தாலுகா அலுவலகத்துக்குப் பலமுறை நடந்த பின், பள்ளிச் சான்றிதழ் உண்டா என்று எவரேனும் கேட்க, என் அறைக்கு வந்து நிற்பார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, ஆண்டு ஆண்டாகப் புரட்டுவேன். நம் தெருவின் பெயர்கள் அதில் அரிதாகவே தென்படும். பெண்களின் பெயர்கள் அதனினும் அரிது. ஆடு மேய்க்கப் போனவளின் பெயர் எவ்வாறு அங்கே இருக்கும்? இல்லை அம்மா என்று சொல்லி மூடிவைப்பேன்.

சாத்தாரா அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில், 1900 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாளுக்கு நேராக, ஒரு மாணவனின் பெயர் பீவா ராம்ஜி அம்பேத்கர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவனை அழைத்துவந்து சேர்த்த குடும்பம், ஓய்வு பெற்ற ஒரு படைவீரரின் குடும்பம்.